நோய் தின்றதா, பசி தின்றதா?
புற்றுநோயாளியின் மெலிவைப் பார்க்கக் கற்ற வரலாறு

1

"நோய் ஆளையே தின்னுடுச்சு." புற்றுநோயில் செத்தவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியம். இதில் தின்கிறது நோய், தின்னப்படுவது ஆள். அந்த ஆள் கடைசி ஆறு மாசம் என்ன தின்றார், எவ்வளவு தின்றார், தின்ன முடிந்ததா, முடிந்தாலும் வீட்டில் இருந்ததா என்கிற கேள்விகளுக்கு இந்த வாக்கியத்துக்குள் இடமே கிடையாது. மெலிவு நோயின் வேலை என்று ஆனபிறகு அதைப் பற்றி யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அழலாம், அவ்வளவுதான்.

நோயையும் மெலிவையும் ஒன்றாகப் பார்க்கிற பழக்கம் நம் மொழியில் பழசு. காசநோய்க்கு எலும்புருக்கி என்று பெயர். க்ஷயம் என்றாலே தேய்தல்தான். புற்று என்ற சொல்லும் கறையானை நினைவூட்டுகிறது. சூசன் சொண்டாக் 1978இல் எழுதிய 'நோய் என்னும் உருவகம்' நூலில், காசநோயின் மெலிவு ஐரோப்பியக் கற்பனாவாதத்தில் அழகாகவும் ஆன்ம மென்மையாகவும் ஆக்கப்பட்டதை, புற்றுநோய்க்கு அந்த அழகு மறுக்கப்பட்டு அது படையெடுப்பாகவும் அவமானமாகவும் பேசப்பட்டதைக் காட்டினார். உருவகங்கள் நோயாளியை வதைக்கின்றன என்பது அவர் வாதம். அதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. உருவகம் பார்வையையும் மறைக்கும். 'நோய் தின்கிறது' என்று சொல்லிச் சொல்லியே, நோயாளி பட்டினி கிடப்பதைப் பார்க்காமல் இருக்க முடிந்திருக்கிறது. வீட்டார் மட்டுமில்லை, மருத்துவமும் இந்த வாக்கியத்துக்குள்தான் வெகுகாலம் குடியிருந்தது. அதிலிருந்து எப்படி வெளியே வந்தது, எவ்வளவு தூரம் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

மருத்துவர்கள் இந்த மெலிவுக்கு வைத்த பெயர் 'கக்கெக்சியா'. கிரேக்கச் சொல். கெட்ட நிலை என்று பொருள். ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் நூல்களிலேயே தோளும் காறையெலும்பும் மார்பும் தொடையும் கரைந்து, வயிற்றில் நீர் கோத்து, கால் வீங்கிச் சாகிற உடம்பின் வர்ணனை இருக்கிறது. வர்ணனை துல்லியமானது. ஆனால் அது எதற்காகச் செய்யப்பட்டது? இந்த ஆள் பிழைக்கமாட்டார் என்று சொல்வதற்காக. பிழைக்க மாட்டாதவரைத் தொடாமல் விலகுவது அக்கால வைத்தியனுக்கு மரியாதை காக்கும் வழி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'புற்றுநோய்க் கக்கெக்சியா' என்ற தொடர் மருத்துவப் புத்தகங்களில் சகஜமாகப் புழங்கியது. பிரெஞ்சு மருத்துவர்கள் முகத்தில் படியும் வைக்கோல் மஞ்சள் நிறத்தை அதன் அடையாளமாகச் சொன்னார்கள். உடம்பு முழுதும் கெட்டதால் கட்டி வந்ததா, கட்டி வந்ததால் உடம்பு கெட்டதா என்று சண்டையும் நடந்தது. கவனியுங்கள்: இரண்டு தரப்புக்குமே மெலிவு ஒரு குறி. உள்ளே மறைந்திருக்கும் நோயைக் கண்டுபிடிக்க உதவும் தடயம். ஸ்கேனோ எக்ஸ்ரேயோ இல்லாத காலத்தில் ஒட்டிய கன்னத்தைப் பார்த்து 'வயிற்றில் கட்டி' என்று சொல்லத் தெரிந்தவர் கெட்டிக்கார டாக்டர். ஒட்டிய கன்னமே ஒரு துன்பம், அதற்கே ஒரு வைத்தியம் வேண்டும் என்கிற யோசனைக்கு அங்கே வேலையில்லை.

ஃபூக்கோ 'கிளினிக்கின் பிறப்பு' (1963) நூலில் சொல்வது இங்கே பொருந்துகிறது. நவீன மருத்துவத்தின் பார்வை உடலின் மேற்பரப்பைத் துளைத்து உள்ளே இருக்கும் புண்ணைத் தேடுகிற பார்வை. 'உமக்கு என்ன செய்கிறது?' என்ற கேள்வி போய் 'எங்கே வலிக்கிறது?' என்ற கேள்வி வந்தது. அந்தப் பார்வைக்கு நோய் என்பது ஓர் இடம். மெலிவுக்கோ இடம் கிடையாது. அது தோளிலும் இருக்கிறது, தொடையிலும் இருக்கிறது, கையெழுத்திலும் நடையிலும் இருக்கிறது. இடமில்லாத ஒன்றை அறுக்க முடியாது, குப்பியில் போட்டு வைக்கவும் முடியாது.

3

இடமில்லாததற்கு எண்ணிக்கை கொடுத்தது பிணவறைதான். பாஸ்டன் நகர நோய்க்கூற்றியலாளர் ஷீல்ட்ஸ் வாரன் 1932இல், புற்றுநோயில் இறந்த 500 பேரின் பிரேதப் பரிசோதனைகளை வைத்து அவர்கள் கடைசியில் எதனால் செத்தார்கள் என்று கேட்டார். நிமோனியா, ரத்தப்போக்கு, சீழ் என்று பலருக்குக் காரணம் கிடைத்தது. ஏறக்குறைய 22 சதவீதம் பேருக்கு மெலிவைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியவில்லை. ஐந்தில் ஒருவர். இந்த எண்ணை இன்றுவரை எல்லாக் கட்டுரைகளும் திருப்பிச் சொல்கின்றன. ஆனால் அது செத்தபின் எடுத்த கணக்கு. உயிரோடு இருந்தபோது அவர்களை யார் நிறுத்துப் பார்த்தார்கள்?

உயிரோடு இருப்பவரை நிறுத்துப் பார்த்த கதை புற்றுநோயில் தொடங்கவில்லை, வயிற்றுப்புண்ணில் தொடங்கியது. கிளீவ்லாந்து அறுவை மருத்துவர் ஹைரம் ஸ்டட்லி 1936இல் குடற்புண்ணுக்கு அறுவை செய்துகொண்ட 46 பேரைப் பற்றி எழுதினார். அறுவைக்கு முன்பே தங்கள் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் இழந்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் செத்துப்போனார். அவ்வளவு இழக்காதவர்களில் செத்தவர்கள் 3.5 சதவீதம்தான். வயசு, இதயம், நுரையீரல், எந்த வகை அறுவை என்று எதை வைத்தும் இந்த வித்தியாசத்தை விளக்க முடியவில்லை. தேவைப்பட்ட கருவி ஒரு தராசு. தேவைப்பட்ட கேள்வி ஒன்று: 'முன்னாடி எவ்வளவு இருந்தீங்க?'

இதே பத்தாண்டில் நம்ம பக்கம் என்ன நடந்தது? தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஐ.எம். ஓர் 1933இல் லான்செட் இதழில் வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்று பற்றி எழுதினார். இந்திய ஆண்களிடம் இன்றும் முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் அது. வாய்ப்புற்றில் முதலில் அடைபடுவது சோத்து வழி. மெல்ல முடியாது, வாயைத் திறக்க முடியாது, காரம் எரியும். 'கரண்ட் வைத்த' பிறகு எச்சில் வற்றி, வெறும் சோறு தொண்டையில் மணலாக நிற்கும். இதில் மெலிவு மர்மமான ரசாயனம் எதுவுமில்லாமலே வந்துவிடும். நம் ஊர்ப் புற்றுநோய்களில் பாதி மெலிவு பட்டினியின் கணக்கில் எழுத வேண்டியதோ என்கிற சந்தேகம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஸ்டட்லியின் தராசு புற்றுநோய் வார்டுக்கு வந்துசேர நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இடையில் 1974இல் அமெரிக்காவின் அலபாமாவிலிருந்து சார்லஸ் பட்டர்வொர்த் ஒரு காட்டமான கட்டுரை எழுதினார். ஆஸ்பத்திரி அலமாரிக்குள் எலும்புக்கூடு ஒளிந்திருக்கிறது என்பது அதன் தலைப்பின் சாரம். பரிசோதனைக்கென்று வேளை வேளையாகப் பட்டினி போடுகிறார்கள், குளுக்கோஸ் தண்ணீரையே நாள்கணக்கில் ஏற்றுகிறார்கள், உயரம் எடை எழுதுவதுகூட இல்லை. ஆஸ்பத்திரியே சத்துக்குறைவை உற்பத்தி செய்கிறது என்றார்.

1980இல் வில்லியம் டிவிஸும் கூட்டாளிகளும் கீமோ தொடங்கவிருந்த 3047 நோயாளிகளின் கணக்கைப் போட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முந்தின ஆறு மாதத்திலேயே எடை இழந்திருந்தார்கள். நல்ல வகை நிணநீர்ப் புற்றில் 31 சதவீதம் பேர், இரைப்பைப் புற்றில் 87 சதவீதம் பேர். ஆராய்ந்த 12 சிகிச்சைத் திட்டங்களில் ஒன்பதில், எடை இழந்தவர்கள் சீக்கிரம் செத்தார்கள். மருந்து உடம்பில் ஏறுவதற்கு முன்பே பாதி விஷயம் முடிவாகியிருந்தது. அதைச் சொல்லக்கூடிய தகவல் நோயாளியிடமே இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

4

பசியைப் பற்றிய அறிவு இருபதாம் நூற்றாண்டில் எங்கிருந்து வந்தது? 1942இல் வார்சா கெட்டோவுக்குள் அடைக்கப்பட்ட யூத மருத்துவர்கள், இஸ்ரேல் மிலேகோவ்ஸ்கியின் தலைமையில், தங்களைச் சுற்றிப் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தவர்களை ஆராய்ந்து எழுதினார்கள். அவர்களே பட்டினி கிடந்தவர்கள். அந்த ஜூலையில் மக்களைக் கொலைமுகாமுக்கு ஏற்றத் தொடங்கியதும் ஆய்வு நின்றது. வெளியே கடத்தப்பட்ட கையெழுத்துப் பிரதி 1946இல் புத்தகமாயிற்று. எழுதியவர்களில் பெரும்பாலோர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1944-45இல் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டு எடையில் நாலில் ஒரு பங்கு குறைத்துப் பார்த்தார். அவர்களுக்கு உலகமே சோறாகிவிட்டது. சமையல் புத்தகம் படித்தார்கள், தட்டை நக்கினார்கள், கனவிலும் சாப்பாடு.

இந்த இரண்டு ஆய்விலிருந்தும் ஒன்று தெரிந்தது. பட்டினி கிடக்கும் உடம்பு தன்னைச் சிக்கனமாக்கிக்கொள்கிறது. சூட்டைக் குறைக்கிறது, நாடியைத் தளர்த்துகிறது, கொழுப்பை எரித்துத் தசையைக் கூடியமட்டும் காப்பாற்றுகிறது. கூடவே இடைவிடாமல் சோறு கேட்கிறது.

புற்றுநோயாளியின் உடம்பு இதைச் செய்வதில்லை. பலருக்கு அழற்சியால் செலவு குறைவதே இல்லை, தசையும் சேர்ந்து கரைகிறது. எல்லாவற்றையும் விட முக்கியம், அது கேட்பதில்லை. "பசியே இல்லீங்க." "ரெண்டு வாய் வச்சா நெஞ்சுல நிக்குது." "தாளிக்கிற வாசன வந்தாலே கொமட்டுது." சத்துக்குறைவு இருக்கிறது, பசி இல்லை. நம்முடைய அரசியல் பழகியிருப்பது கேட்கிற பசியோடு. கஞ்சித்தொட்டிக்கு வரிசையில் நிற்கும் பசி, ரேஷன் கடையை மறிக்கும் பசி. கேட்காத பசியை எப்படிப் பார்ப்பது என்பது மருத்துவத்துக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை.

பசி ஏன் செத்துப்போகிறது? பதிலின் ஒரு துண்டு கால்நடை நோயிலிருந்து வந்தது. டிரிபனோசோம் கிருமி தொற்றிய விலங்குகள், உடம்பில் கிருமி கொஞ்சமே இருந்தாலும் வற்றிச் சாவதைக் கண்டு, நியூயார்க்கில் ஆந்தனி செராமியின் குழு அந்த வற்றலுக்குக் காரணமான பொருளைத் தேடியது. கக்கெக்சியாவிலிருந்து அதற்குக் 'கக்கெக்டின்' என்று பெயர் வைத்தார்கள். 1985இல் பார்த்தால், கட்டியை அழிக்கும் என்று வேறு குழுக்கள் கொண்டாடிக்கொண்டிருந்த டி.என்.எஃப். என்ற புரதமும் இதுவும் ஒன்றுதான். நோயை எதிர்க்க உடம்பே சுரக்கிற பொருள் உடம்பையே கரைக்கிறது. பிறகு இப்படிப் பல பொருள்கள் கிடைத்தன. அதில் ஜி.டி.எஃப்.-15 என்பது மூளையின் அடித்தண்டில் போய் உட்கார்ந்து பசியை அணைக்கிறது. அதைத் தடுக்கும் பொன்செக்ரொமாப் மருந்தை 187 பேரிடம் சோதித்த முடிவு 2024இல் வெளியானது. அதிக அளவு பெற்றவர்களுக்கு, வெற்று ஊசி போட்டவர்களை விட 12 வாரத்தில் சுமார் 2.8 கிலோ கூடியது. 'நோய் தின்கிறது' என்ற பழைய வாக்கியத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல முடியாது. அது பாதி உண்மை. பாதி உண்மையைத்தான் முழுசாக நம்புவது சுலபம்.

5

சோறு போட்டால் சரியாகிவிடுமா? இந்தக் கேள்விக்கு மருத்துவம் இரண்டு எதிரெதிர்த் தப்புகளைச் செய்தது.

முதல் தப்பு, பயம். 'நோயாளிக்குத் தீனி போட்டா கட்டிக்குத்தான் போவும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். இது படிக்காதவர்களின் மூடநம்பிக்கை என்று யாரும் இளப்பமாகச் சிரிக்க வேண்டாம். 1909இல் மொரெஸ்கி, 1914இல் பெய்டன் ரவுஸ் என்று ஆய்வுக்கூடக்காரர்கள் எலிகளைக் குறைப்பட்டினி போட்டுக் கட்டி மெதுவாக வளர்வதைக் காட்டியவர்கள்தான். 1920களில் ஓட்டோ வார்பர்க் கட்டி ஏராளமாகச் சர்க்கரையை விழுங்குவதைக் கண்டார். எலிக்கூண்டிலிருந்தும் கண்ணாடிக் குடுவையிலிருந்தும் புறப்பட்ட இந்தச் செய்தி மனிதனின் சாப்பாட்டுத் தட்டுக்கு வந்து சேர்ந்து, சர்க்கரையை நிறுத்து, பாலை நிறுத்து, கறியை நிறுத்து என்று விரிந்தது. ஏற்கெனவே ரெண்டு வாய்தான் இறங்குகிற ஆளுக்கு அந்த ரெண்டும் போயிற்று. மனிதர்களில், ஊட்டம் கொடுப்பதால் கட்டி வளர்ந்து ஆள் சீக்கிரம் சாகிறார் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் இந்தப் பயத்தால் உணவைக் குறைக்கக் கூடாது என்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 25 முதல் 30 கலோரி. புரதம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம்.

இரண்டாவது தப்பு, அவசரம். 1968இல் பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் குழு, நாய்க்குட்டிகளை வாய்வழி ஒன்றும் கொடுக்காமல் பெரிய ரத்தக்குழாய் வழியாக மட்டுமே ஊட்டி வளர்த்துக் காட்டியது. வாயும் குடலும் வேண்டாம், நேரே ரத்தத்தில் ஊட்டலாம்! 1970களில் கீமோ எடுக்கும் நோயாளிகளுக்கெல்லாம் இதை ஏற்றினார்கள். பலன் இல்லை. தொற்றுதான் கூடியது. 1989இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி, கீமோ நோயாளிகளுக்கு இதை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று அறிவித்தது. உடனே மறுகோடிக்கு ஓடினார்கள்: பாத்தீங்களா, ஊட்டிப் பிரயோஜனமில்லை.

1991இல் அமெரிக்காவின் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில் பெரிய அறுவைக்கு வந்த 395 பேரிடம் செய்த ஆய்வு கேள்வியைத் திருத்திக் கேட்டது. எல்லோருக்கும் சேர்த்துப் பார்த்தால் குழாய் ஊட்டத்தால் லாபமில்லை, தொற்று அதிகம். கடுமையான சத்துக்குறைவு உள்ளவர்களை மட்டும் தனியே பார்த்தால், அவர்களுக்குத் தொற்று கூடவில்லை, மற்றச் சிக்கல்கள் குறைந்தன. அதாவது முந்தைய ஆய்வுகள் பட்டினி கிடந்தவனையும் கிடக்காதவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஊட்டியிருக்கின்றன. யார் பட்டினி என்று அடையாளம் காணாமல் கொடுத்த சோறு பலனளிக்கவில்லை என்றால் அது சோற்றின் தோல்வியா, பார்வையின் தோல்வியா?

6

பார்வையைச் சரிசெய்யும் முயற்சி டொரண்டோவில் நடந்தது. அதில் முக்கியமானவர் குர்ஷித் ஜீஜீபாய். ரங்கூனில் பிறந்தவர், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அப்போது எல்லோரும் ரத்தத்தில் அல்புமின் அளந்து சத்துக்குறைவைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். (அல்புமின் அழற்சியால் இறங்குகிறது, சாப்பாட்டை அது சரியாகக் காட்டாது என்பது இன்று ஏற்கப்பட்ட விஷயம்.) டொரண்டோக்காரர்கள் 1982இல் 59 நோயாளிகளை வைத்து ஓர் எளிய சோதனை செய்தார்கள். இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே நோயாளியிடம் பேசி, உடம்பைப் பார்த்துத் தொட்டு, 'நல்லாயிருக்கார்', 'கொஞ்சம் குறைவு', 'ரொம்பக் குறைவு' என்று மட்டும் சொல்ல வேண்டும். 81 சதவீதம் பேரில் இருவரும் ஒத்துப்போனார்கள். யார் பிறகு தொற்றுக்கு ஆளானார், யார் அதிக நாள் படுக்கையில் கிடந்தார் என்பதோடும் அந்த முடிவு பொருந்தியது. 1987இல் இதற்கு 'அகவய முழுமை மதிப்பீடு' என்ற பொருளில் பெயரிட்டு வழிமுறையை எழுதினார்கள். எல்லாவற்றையும் புறவயமாக்கத் துடித்த காலத்தில் அகவயம் என்று துணிந்து பெயர் வைத்தது சாதாரண விஷயமில்லை.

அதில் கேட்கிற கேள்விகள் இவ்வளவுதான். ஆறு மாதத்தில் எவ்வளவு இளைத்தீர்கள்? கடைசி ரெண்டு வாரத்தில் இன்னும் இறங்குகிறதா, நின்றதா? சாப்பாடு மாறியதா, கஞ்சிக்கு வந்துவிட்டீர்களா? வாந்தி, குமட்டல், பேதி இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கிறதா? வேலைக்குப் போகிறீர்களா, படுத்தே கிடக்கிறீர்களா? பிறகு உடம்பு: தோள்பட்டை கூராக நிற்கிறதா, கைக்குப் பின்புறச் சதை தளர்ந்திருக்கிறதா, தொடை வற்றியதா, கணுக்காலில் அமுக்கினால் குழி விழுகிறதா, வயிற்றில் நீர் இருக்கிறதா. 1990களில் ஃபெய்த் ஓட்டரி இதையே புற்றுநோயாளிகளுக்கென்று மாற்றி, பாதிக் கேள்விகளை நோயாளியே நிரப்பும்படி செய்தார். 1999இல் ஆஸ்திரேலியாவில் இது இரண்டே கேள்வியாகச் சுருங்கியது: முயற்சி செய்யாமலே இளைத்தீர்களா? பசி குறைந்து சாப்பாடு குறைந்ததா?

தராசு மட்டும் போதாது என்பதற்குக் காரணம் இருக்கிறது. வயிற்று நீரும் கால்வீக்கமும் ஏழெட்டுக் கிலோவைப் பொய்யாகக் காட்டும். சதை வற்ற வற்ற நீர் கூடி, முள் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்தது, குண்டானவர்கள். 2008இல் கனடாவின் கார்லா பிராடோ குழு, வேறு காரணத்துக்காக எடுத்த சி.டி. ஸ்கேன் படங்களிலேயே தசையை அளந்து, பருமனான 250 புற்றுநோயாளிகளில் 15 சதவீதம் பேருக்குக் கொழுப்புக்குக் கீழே தசை கடுமையாக வற்றிப்போயிருந்ததைக் காட்டியது. அவர்கள் மற்றவர்களை விடச் சீக்கிரம் செத்தார்கள். 'கொஞ்சம் எளைச்சா நல்லதுதானே' என்று பாராட்டு வாங்கியபடியே பட்டினியில் போகிறவர்கள் இவர்கள்.

இதற்கு நேர் எதிர்முனையில் இருப்பது நம் ஆட்கள். 2011இன் சர்வதேச வரையறை ஆறு மாதத்தில் 5 சதவீத இழப்பைக் கக்கெக்சியா என்கிறது. உடல்நிறை எண் 20க்குக் கீழே இருந்தால் 2 சதவீதமே போதும். 2019இன் உலகளாவிய அளவுகோல் ஆசியர்களுக்கு அந்த எண்ணை 18.5 என்று இறக்கி வைத்திருக்கிறது. இந்தியாவில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 18.7 சதவீதம் பேர் அந்த 18.5க்கும் கீழே. நோய் எதுவும் வராமலே. 38 கிலோ எடையுள்ள கூலிக்காரப் பெண்ணுக்கு 5 சதவீதம் என்றால் ரெண்டு கிலோகூட இல்லை. சேலை மாறினால் ஏறி இறங்குகிற வித்தியாசம். அவருடைய பழைய எடை எங்கும் எழுதப்பட்டதில்லை. 'எப்பவுமே ஒல்லிதான்' என்று ஓ.பி. சீட்டு முடிந்துவிடும். பசி இயல்பாக்கப்பட்ட சமூகத்தில் நோயின் பசியைத் தனியாகப் பார்க்க முடியாது. இயல்பான உடம்பு யாருடையது என்ற கேள்வி இங்கே தத்துவக் கேள்வி இல்லை, வார்டுக் கேள்வி.

ஆனாலும் அந்தப் பெண்ணிடம் அளவுகோல் இருக்கிறது. வளையல் முழங்கைவரை ஏறுகிறது. ரவிக்கையைப் பிடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. மோதிரத்துக்கு நூல் சுற்றியாயிற்று. ஆம்பளைக்கு அரைஞாண் கயிறு இறங்குகிறது, பல்செட் ஆடுகிறது. வளை நெகிழ்வதை வைத்து உடல் மெலிவை அளக்கும் வழக்கம் சங்க அகப்பாட்டுக் காலத்திலிருந்து நமக்கு இருக்கிறது. அங்கே அது காதல் நோய்க்கான குறி. அதைப் புற்றுநோய்ப் பிரிவில் கேட்கத் தெரிந்தால் அது ஆவணம்.

7

2011இன் வரையறையில் ஒரு முக்கியமான வரி இருக்கிறது: கக்கெக்சியாவை வழக்கமான ஊட்டத்தால் முழுசாகத் திருப்ப முடியாது. உண்மைதான். அதே வரையறை மெலிவை முன்நிலை, நடுநிலை, திரும்பாத நிலை என்று மூன்றாகப் பிரிக்கிறது. ஆபத்து எங்கே என்றால், கூட்டம் நிரம்பிய ஆஸ்பத்திரியில், ஏழை நோயாளியின் மெலிவெல்லாம் நேரே மூன்றாவது கணக்கில் எழுதப்படுவதில்தான். 'கேன்சர்னா அப்படித்தாம்மா, எளைக்கத்தான் செய்யும்.' பழைய திண்ணை வாக்கியம் கோட்டு மாட்டிக்கொண்டு திரும்பி வருகிறது.

அந்த மெலிவைப் பிரித்துப் பாருங்கள். வலிக்கு மாத்திரை போதாமல் சாப்பிட முடியாதது எவ்வளவு? வலி மாத்திரையால் மலம் கட்டி வயிறு உப்பிச் சாப்பிடாதது எவ்வளவு? வாய்ப்புண், சொத்தைப்பல், வாயில் வெள்ளை படிதல்? மூக்கு வழி டியூப் போட்டிருந்தால் போயிருக்கக்கூடியது, டியூப் போட்டால் சாவு நிச்சயம் என்று பயந்து மறுத்தது? கூலி போனது, துணைக்கு வந்தவரின் கூலியும் போனது, பஸ் செலவு, ஆஸ்பத்திரி வாசலில் படுத்துக் கிடந்து ஒருவேளை டீயும் பன்னும்? வீட்டில் புருஷன் நோயாளி என்றால் பெண்டாட்டி கஞ்சி காய்ச்சி ஊட்டுகிறாள். பெண்டாட்டி நோயாளி என்றால், குமட்டுகிற தாளிப்பு வாசனையில் நின்று அவளே எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுக் கடைசியில் தட்டை நகர்த்திவிடுகிறாள். இவற்றில் ஒன்றுகூட டி.என்.எஃப். செய்தது இல்லை. நோய் தின்றது ஒரு பங்கு. மீதியை மற்றவர்கள் தின்றிருக்கிறார்கள்.

இது நடக்காத காரியமா என்றால், பக்கத்து நோயில் நடந்திருக்கிறது. காசநோயின் மெலிவையும் அந்த நோயின் இயல்பு என்றுதான் வெகுகாலம் விட்டுவைத்தோம், பெயரிலேயே எழுதியும் வைத்தோம். தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டுபிடித்த உடனே ஐந்து விஷயம் பார்க்கிறார்கள்: உடல்நிறை எண், கால்வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானமில்லாமல் நிற்க முடிகிறதா என்பது. ரொம்ப மோசமானவரை அடையாளம் கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளுக்கு உணவுப் பொட்டலம் கொடுத்து நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வந்தது. முதல் ரெண்டு மாசத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடம் சாவு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. புற்றுநோய் வேறு, காசநோய் வேறு. ஒன்றின் எண்ணை மற்றதில் ஒட்ட முடியாது. ஆனால் 'மெலிவு நோயின் விதி' என்ற நம்பிக்கை ஒரு நோயில் உடைந்திருக்கிறது. உடைத்தது ஒரு தராசும் ஐந்து கேள்வியும்.

புற்றுநோய்ப் பிரிவுகளில் கேட்க வேண்டியதும் பெரிசாக ஒன்றுமில்லை. ஒவ்வொரு தடவையும் எடை எழுத வேண்டும், போன தடவை எடையின் பக்கத்திலேயே. இளைத்தீர்களா, சாப்பாடு குறைந்ததா என்ற இரண்டு கேள்வியும் கீமோ சீட்டில் அச்சாகியிருக்க வேண்டும். ஆம் என்றால் வலி, வாய், மலம், குமட்டல் என்று வரிசையாகப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். கூட வந்தவரிடம் 'வீட்ல என்ன இருக்கு?' என்று கேட்க வேண்டும். முட்டையும் பாலும் கடலையும் மருந்துச் சீட்டில் எழுதப்பட்டு, மருந்து கிடைக்கிற ஜன்னலிலேயே கிடைக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் 1982இல் சத்துணவைக் கொண்டுவந்த மாநிலத்தில் இதைக் கேட்பது அதிகப்படியில்லை.

இதையெல்லாம் செய்தாலும் சிலர் மெலிந்தேதான் போவார்கள். கடைசி நாட்களில் ஊட்டுவதே தொந்தரவாகிவிடும் கட்டமும் உண்டு, அப்போது ஒரு மடக்கு மோர் போதும், வற்புறுத்தக் கூடாது. ஆனால் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று சொல்லும் உரிமை, அதற்கு முந்தின ஆறு மாசமும் நிறுத்துப் பார்த்தவருக்குத்தான் இருக்கிறது.